ஏறுதா, இறங்குதா

“அப்புடியே புடிச்சுக்குங்க, ஒரு நூலு அசையக் கூடாது. கீழ்வீட்டுல டிரில்லிங் மிசின வாங்கிட்டு இதா வந்தர்றேன்” என்று சொல்லிவிட்டு ருக்குமணி படியிறங்கிப் போய் எவ்வளவு நேரமாயிற்று என்று சென்னியப்பனுக்குத் தெரியவில்லை. கடிகாரம் முதுகுக்குப் பின்னால் இருந்தது. மூன்றரை அடி அகலமும் இரண்டரை அடி உயரமுமான கண்ணாடிச் சட்டத்தை இரண்டு கையாலும் சுவரோடு சேர்த்து அழுத்தி, போதாததற்கு நெற்றியாலும் முட்டுக் கொடுத்துக்கொண்டு ஸ்டூல்மேல் நிற்கிற மனிதன் திரும்பி மணி பார்ப்பதாவது. கையை எடுத்தால் படம் விழும், படம் விழுந்தால் கண்ணாடி உடையும், கண்ணாடி உடைந்தால் பதினோரு மணிக்கு மகள் கூட்டிக்கொண்டு வருகிற பையன் முதன்முதலாக இந்த வீட்டுக்குள் வைக்கிற கால் கண்ணாடிச் சில்லுமேல்தான் விழும். இறங்கிவிடலாமா என்றால் அதுவும் நடக்காது. ஸ்டூலின் உயரம் இரண்டேகால் அடி. நில அளவை அலுவலகத்தில் முப்பத்துநாலு வருஷம் வரைவாளராக இருந்தவருக்கு அளவு தப்பாது, பார்த்தாலே தெரியும். ஆனால் மேலே நின்று கீழே பார்க்கும்போது அந்த இரண்டேகால் அடி அளவுகோலுக்கு அடங்காத ஏதோ ஒன்றாகிவிடுகிறது, தரையிலிருக்கிற டைல்ஸ் மெல்ல நீந்துகிறது, உள்ளங்கால் ஸ்டூலைக் கவ்விக்கொள்கிறது. கையிலோ வெள்ளைக் கையுறை. படத்தோடு வந்த துண்டுத்தாளில் கையுறை அணிந்து கையாளவும் என்று போட்டு ஒரு ஜோடியையும் உள்ளே வைத்திருந்தார்கள். ருக்குமணி அச்சில் வந்ததையெல்லாம் அப்படியே நம்புகிறவள், போட்டால்தான் ஆயிற்று என்றுவிட்டாள். மடித்துக் கட்டிய வேட்டியும் கை வைத்த பனியனும் வெள்ளைக் கையுறையுமாக, கல்யாண பேண்டு செட்டிலிருந்து பாதியில் ஓடிவந்தவனைப் போல இருப்போம் என்று நினைத்துக்கொண்டார். கீழ்வீட்டிலிருந்து ருக்குமணியின் குரல் மாடிப்படி வழியாக ஏறி வந்தது. “ஆமாங்கக்கா, பைலட்டுங்க, பெரிய பிளேனுங்க” என்றாள். டிரில்லிங் மிசின் இப்போதைக்கு வராது.

மூக்கு நுனிக்கு ஒரு விரற்கடை தூரத்தில் விமானம் நின்றது. நின்றது என்று சொல்வதா பறந்தது என்று சொல்வதா. மஞ்சள் நிறம், தோளுக்கு மேலே ஒற்றை இறக்கை, முன்னால் ஒரு விசிறி, வயிற்றுக்கடியில் கால் மடக்கத் தெரியாத இரண்டு சக்கரம். பழைய காலத்துப் புஷ்பக் விமானம். யாரோ ஒரு ஓவியன் தண்ணீர் வர்ணத்தில் தீட்டியதை உயர்ந்த தாளில் அச்செடுத்து, இருநூறு பிரதி போட்டு, இது முப்பத்தேழாவது என்று மூலையில் பென்சிலால் எழுதி, வீட்டுச் சுவருக்கு அழகு சேர்க்க என்று விற்கிறார்கள். நூறு வருஷத்துக்கு நிறம் மங்காது என்று உத்தரவாதச் சீட்டு வேறு. நமக்கு அப்படி யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அப்பா ஓட்டிய விமானம் என்று நித்திலா தேடிப் பிடித்து, பணி ஓய்வுக்குப் பரிசாக பெங்களூரிலிருந்து அனுப்பியிருந்தாள். நூற்றுத் தொண்ணூற்றொன்பது சுவர்களில் இதே மஞ்சள் விமானம் தொங்கிக்கொண்டிருக்கும், அந்தச் சுவர்களுக்குச் சொந்தக்காரர்கள் சும்மா அழகுக்காக வாங்கியவர்களாயிருப்பார்கள், பார்த்துவிட்டு நிம்மதியாகக் காப்பி குடிப்பார்கள். நேற்றுப் பிரித்ததும் ருக்குமணி அதை வீடியோ காலில் திருப்பூரிலிருக்கிற அவள் அக்காவுக்குக் காட்டினாள். அக்கா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “ஏனுங்க, இது ஏறுதா இறங்குதா? எறங்குற படத்தை ஊட்டுல மாட்டக் கூடாதுங்களே, புள்ளைக்கு எடம் பேசற நேரத்துல” என்றாள். ருக்குமணி திரும்பி, “நீங்கதான ஓட்டுனவரு, சொல்லுங்க” என்றாள். “ஏறுது” என்றார் சென்னியப்பன், அரை விநாடிகூட யோசிக்காமல். அந்த அரை விநாடியை யோசித்திருக்கலாம். இப்போது மூக்குக்கு நேரே பார்க்கிறபோது மூக்கு கொஞ்சம் தாழ்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது, அவருடையதல்ல, விமானத்தினுடையது. இடது கண்ணை மூடிப் பார்த்தால் ஏறுகிறது. வலது கண்ணை மூடிப் பார்த்தால் இறங்குகிறது. இரண்டையும் மூடினால்,

இரண்டையும் மூடினால் என்ன ஆகும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அன்றைக்கு முழுக்க அப்படித்தான் இருந்தார். எண்பத்திரண்டாம் வருஷம், பீளமேடு ஏரோட்ரோம், கல்லூரி என்சிசியில் விமானப் பிரிவு, ஆளுக்கு இருபது நிமிஷம் மேலே கூட்டிப்போய்க் காட்டுவார்கள். நீலச் சீருடையில் வரிசையாக நின்ற பையன்களில் இவருடைய முறை ஏழாவது. ஆறாவது வரைக்கும் தைரியம் இருந்தது. அப்புறம் சும்மா இருக்காமல் இறக்கையைச் சுண்டுவிரலால் தட்டிப் பார்த்தார். டப் டப் என்றது. துணி. குடைத்துணி மாதிரி இழுத்துக் கட்டி வர்ணம் பூசியிருக்கிறார்கள். அதுவரை அதைத் தகரம் என்று நம்பியிருந்த மனசு அந்தச் சத்தத்தோடு கழன்று கீழே விழுந்தது, இந்தத் தேதி வரைக்கும் அதைத் திரும்ப எடுத்து மாட்டவில்லை. குரியன் சார்தான் பயிற்சியாளர், மீசையெல்லாம் பெட்ரோல் வாசம். ஓட்டுகிறவரும் உட்காருகிறவரும் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டிருக்கிற சின்ன இருக்கை. கதவு நம் வீட்டு மீட்டர் பெட்டிக் கதவைவிட மெலிசு. விமானம் ஓடத் தொடங்கியதும் சென்னியப்பன் கண்ணை மூடினார், சென்னிமலை முருகனைக் கூப்பிட்டார், மேலே போனதை வயிற்றினாலும் திரும்பியதைக் காதினாலும் அறிந்துகொண்டார். நடுவில் எங்கேயோ குரியன் சார் என்ஜின் சத்தத்துக்கு மேலே கத்தினார், “ஹோல்ட் இட்! ஹோல்ட் இட்!” என்று. பிடி என்கிறார், எதையோ பிடிக்கச் சொல்கிறார், ஓட்டுகிற குச்சியைத்தான், வேறென்ன. கையை நீட்டித் துழாவினார், கிடைத்ததை இறுக்கிப் பிடித்தார். கெட்டியாக, உருண்டையாக, கதகதப்பாக இருந்தது. நன்றாகத்தானே ஓட்டுகிறோம் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. சக்கரம் தரையைத் தொட்டுத் தொட்டு நின்றதும் கண்ணைத் திறந்து பார்த்தால் கையில் இருந்தது குரியன் சாரின் முழங்கால். அவரே விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துவிட்டு, “நெக்ஸ்ட்” என்றார்.

அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். பொய் என்று பார்த்தால் அவர் வாயைத் திறந்து முதலில் ஒன்றும் சொல்லவேயில்லை, இதை மட்டும் எந்தக் கோர்ட்டிலும் சொல்வார். கோபிசெட்டிபாளையத்தில் பெண் பார்க்கப் போன அன்று ருக்குமணியின் சித்தப்பா, மாப்பிள்ளைக்கு வேலையைத் தவிர வேறென்ன தெரியும் என்று கேட்க, உடன் வந்த தாய்மாமன் முறுக்கைக் கடித்துக்கொண்டே, “காலேஜ்ல ஏரோப்பிளேனே ஓட்டியிருக்கறானுங்க” என்றுவிட்டார். கூடமே திரும்பிப் பார்த்தது. கதவோரம் காப்பித் தட்டோடு நின்ற பெண்ணும் நிமிர்ந்து பார்த்தாள், அதுவரை குனிந்த தலை நிமிராதவள். சென்னியப்பன் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் மொத்தப் பொய்யும். மற்றதெல்லாம் அதற்குப் போட்ட வட்டி. அப்புறம் நித்திலா பிறந்தாள், சோறு இறங்காத பிள்ளை, ஒரு கிண்ணம் பருப்புசாதத்துக்கு ஒரு மணி நேரம். ஒரு நாள் தற்செயலாக, “அப்பா பிளேன்ல மேல போனனா” என்று ஆரம்பித்தார், வாய் தானாகத் திறந்தது. அன்றிலிருந்து ஒரு வாய்க்கு ஆயிரம் அடி. பசியில்லாத நாட்களில் முப்பதாயிரம் அடிவரை போனதுண்டு, அந்த உயரத்துக்கு அந்த விமானம் போகவே போகாது என்று நேற்றைய துண்டுத்தாளைப் படித்துத்தான் தெரிந்துகொண்டார். ரசசாதத்துக்கு மேகம். கீரைக்கு மட்டும் புயல் வேண்டியிருந்தது. பாகற்காய் வைத்த அன்று வெள்ளலூர் குளத்துக்கு மேலே என்ஜினே நின்றுபோயிற்று, அப்பா துளிக்கூடப் பயப்படவில்லை, விசிலடித்துக்கொண்டே இறக்கினார். பிள்ளை கண் விரிய மென்று விழுங்கியது. மூன்றாம் வகுப்பில் ‘என் அப்பா’ என்று கட்டுரை எழுதச் சொன்னபோது, என் அப்பாவுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்று எழுதி, மிஸ் கையால் நட்சத்திரம் வாங்கி வந்தாள். அதைப் பார்த்தபோதாவது சொல்லியிருக்கலாம். நட்சத்திரம் தங்கக் கலரில் ஒட்டியிருந்தது. எப்படிச் சொல்வது.

இப்போது பார், பைலட்டையே பிடித்துக்கொண்டு வருகிறாள். உலகத்தில் எத்தனை வேலை இருக்கிறது, பேங்கில் இருக்கிறான், பல் டாக்டர் இருக்கிறான், மோட்டார் பம்பு செய்கிறவன் இந்த ஊரில் தெருவுக்கு ஒருத்தன் இருக்கிறான். பையன் பேர் சஞ்சீவன், போனில் பேசியபோது குரல் நல்ல மாதிரி. அங்கிள், புஷ்பக் ஓட்டினவங்களை நான் நேர்ல பார்த்ததே இல்லை, நிறையக் கேட்கணும் என்றான். நிறைய. அந்த வார்த்தை நாலு நாளாக நெஞ்சுக்குழியில் உட்கார்ந்திருக்கிறது. என்ன கேட்பான்? எத்தனை மைல் வேகத்தில் தரையை விட்டுக் கிளப்புவீங்க என்பான். பார்த்து, நிதானமா என்று சொல்லலாம். குறுக்குக்காற்றில் எப்படி இறக்குவீங்க என்பான். அதெல்லாம் கை அனுபவம் தம்பி என்று சொல்லி ருக்குமணியைப் பார்த்து இன்னும் பலகாரம் வை என்றுவிடலாம். பலகாரம் எத்தனை நேரம் தாங்கும், ஒப்பிட்டு ஒன்பது, கச்சாயம் ஆறு. அவன் ஒரு கேள்விக்கு ஒன்று தின்றால் பதினைந்து கேள்வி. வலது மூக்கோரத்தில் அரிப்பு ஆரம்பித்தது. சொறிய முடியாது. விமானத்தின் வால்பக்கமாக மூக்கை வைத்துத் தேய்த்துப் பார்த்தார், கண்ணாடியில் ஆவி படர்ந்து மஞ்சள் விமானம் ஒரு கணம் மேகத்துக்குள் போய் வெளியே வந்தது. அடடா, அழகாகத்தான் இருக்கிறது. அழகாகத்தான் இருந்திருக்கும். அப்போது பீளமேட்டைச் சுற்றி வீடே கிடையாது, பருத்திக்காடும் சோளக்காடும், நடுவில் மில் புகைக்கூண்டுகள். அதையெல்லாம் அவர் பிற்பாடு வருஷக்கணக்கில் மேஜைமேல் குனிந்து மேலேயிருந்து பார்க்கிற மாதிரியே வரைந்தார், ஒவ்வொரு சர்வே நம்பராக, வரப்பு வரப்பாக, கிணறு இருந்தால் வட்டம், கோயில் இருந்தால் அதற்கொரு குறி. நிஜமாகவே மேலேயிருந்து பார்க்க ஆயுசில் ஒரே ஒரு தரம் இருபது நிமிஷம் கொடுத்தார்கள், அந்த இருபது நிமிஷமும் இமைக்குள்ளே கறுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோமே. இத்தனை வருஷமும் எவனாவது கேட்டுவிடுவானோ என்றுதான் பயந்திருக்கிறார். வருத்தப்பட நேரமே இருந்ததில்லை. இன்றைக்குத்தான், இரண்டேகால் அடி உயரத்தில், வருத்தம் வந்தது. கை மரத்துவிட்டது. தோளிலிருந்து விரல்வரைக்கும் எறும்பு ஊர்கிறது. முழங்கால் ஆட, ஸ்டூலும் அதோடு சேர்ந்து ஆட, சட்டத்தின் இடது மூலை சுவரில் சர்ரென்று ஓர் அங்குலம் வழுக்கியது. முருகா என்றார், கண்ணை மூடிக்கொண்டார்.

“அங்கிள், விடாதீங்க, நான் பிடிச்சுட்டேன்.”

யாருடைய குரல் என்று அடையாளம் தெரியுமுன்பே பாரம் பாதியாகக் குறைந்தது. கண்ணைத் திறந்தால் திறந்து கிடந்த வாசலில் ஒரு ஜோடி ஷூ, பக்கத்தில் உயரமான ஒரு பையன், இரண்டு கையாலும் சட்டத்தின் அடிப்பக்கத்தைத் தாங்கிக்கொண்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். நித்தி கார்ல இருந்து பையெல்லாம் எடுத்துட்டு வர்றா, நான் சஞ்சீவன் அங்கிள் என்றான். வாங்க தம்பி என்று சொல்லிக் கும்பிடக் கையை எடுக்கப் போய், படம் ஆட, மறுபடியும் பிடித்துக்கொண்டார். நல்ல பையன். கையுறையைப் பார்த்தான், சிரிக்கவில்லை. பிறகு அவன் பார்வை படத்துக்குப் போயிற்று, போன இடத்திலேயே நின்றது, முகம் சின்னப்பிள்ளை முகமாகிவிட்டது.

“புஷ்பக்! அங்கிள், இதையா நீங்க ஓட்டினீங்க? இறக்கையெல்லாம் துணிதானே? முதல் தடவை கையில எடுத்தப்ப எப்படி இருந்துச்சு?”

முதல் கேள்வி. பலகாரம் இன்னும் டப்பாவுக்குள்ளேயே இருக்கிறது. கை அனுபவம் தம்பி என்று சொல்லத்தான் சென்னியப்பன் வாயெடுத்தார். நாலு நாளாக மனப்பாடம் செய்த வரி நாக்கு நுனிவரைக்கும் வந்து, அங்கே வேறொன்று நின்றுகொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது.

“கதகதப்பா இருந்துச்சுங்க தம்பி” என்றார். “ஏன்னா நான் புடிச்சது பயிற்சி குடுத்தவரோட முழங்கால். நான் ஓட்டவே இல்லீங்க. ஏறுனதுல இருந்து எறங்கற வரைக்கும் கண்ணையே தொறக்கலை. பயம். இந்த ஸ்டூல்ல நிக்கறதுக்கே இப்பக் காலு ஆடுது, பாத்துக்குங்க.”

சொல்லிவிட்டார். கூரை இடியவில்லை. பையனுக்கு உதடு துடித்தது, சிரிப்பை அடக்குகிறான் போல, அடக்கட்டும். மெதுவாகச் சட்டத்தை வாங்கிச் சோபாமேல் சாய்த்து வைத்துவிட்டுத் திரும்பி வந்து கையை நீட்டினான், சென்னியப்பன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கி அதே ஸ்டூலில் உட்கார்ந்தார். அப்போதுதான் வாசலைப் பார்த்தார். இரண்டு கையிலும் பையோடு நித்திலா நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று கேட்க வேண்டியதில்லை, முகத்திலேயே இருந்தது.

“அப்ப வெள்ளலூர் குளத்து மேல என்ஜின் நின்னது?”

“அது பாகற்காய்க்கு, சாமி.”

“புயலு?”

“கீரைக்கு.”

பைகளைக் கீழே வைத்தாள். கோபம் வருமென்று தலையைக் குனிந்து காத்திருந்தார், வந்தது கோபம்தான், ஆனால் அவர் எதிர்பார்த்த பக்கமிருந்து வரவில்லை. “அப்பா, ஏழு வருஷமா பெங்களூர்ல இருக்கறேன், ஒருக்காவாச்சும் ஃபிளைட்ல வந்திருக்கறனா? ராத்திரியெல்லாம் பஸ்ல குலுங்கிக்கிட்டு வந்தனே, ஏன்னு நினைச்சீங்க? காலேஜ் டூர்ல டெல்லிக்கு ஒரே ஒருக்கா ஏறுனேன், பக்கத்து சீட்டு அம்மா கையைப் புடிச்சு நசுக்கி, அவங்க வளையலே உடைஞ்சுருச்சு. பயமே தெரியாத அப்பாவுக்குப் பொறந்துட்டு இப்படி இருக்கறனேன்னு எத்தனை நாள் அழுதிருக்கேன் தெரியுங்களா? டாக்டர்கிட்டகூடப் போனேன்!” கடைசி வார்த்தை பாதி அழுகையும் பாதி சிரிப்புமாக உடைந்தது. அப்புறம் முழுக்கச் சிரிப்பாகவே ஆகிவிட்டது, தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு, முழங்கால், முழங்கால் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சென்னியப்பனுக்கு அவளைத் தேற்றுவதா, தானும் சிரிப்பதா, மன்னிப்புக் கேட்பதா என்று தெரியவில்லை, வெள்ளைக் கையுறையோடு அவள் தலையைத் தடவினார். நம் பிள்ளை. கண்ணை மூடிக்கொள்கிற பிள்ளை. ஒவ்வொரு வாயாக ஊட்டி வளர்த்து, அந்தப் பயத்தின்மேல் வெட்கத்தையும் சேர்த்தல்லவா ஊட்டியிருக்கிறோம்.

சஞ்சீவன் இடுப்பில் கை வைத்து நின்றான். “ஒரு நிமிஷம்” என்றான். “என் ஃபிளைட்ல கூட்டிட்டுப் போறேன்னு எத்தனை தடவை கேட்டிருப்பேன். ஒவ்வொரு தடவையும் ஆபீஸ்ல லீவு இல்லைன்னியே நித்தி?”

நித்திலா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “உங்கிட்ட எப்படிடா சொல்றது? பைலட்கிட்ட போயி.”

“அப்ப கல்யாணமானதும் அந்தமான் போலாம்னு நீதானே சொன்னே?”

அவள் அப்பாவைப் பார்த்தாள், சோறு இறங்காத நாட்களில் பார்க்கிற அதே பார்வை. மூன்று மாதமாகப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது, வேறு சாதி, வேறு ஊர், பார்க்கலாம், யோசிக்கலாம், பையன் வரட்டும் என்று எதற்கும் பிடிகொடுக்காமலே இழுத்தடித்துக்கொண்டிருந்த சென்னியப்பனின் வாய், அவர் உத்தரவுக்குக் காத்திராமல் திறந்தது.

“அந்தமானுக்குக் கப்பல் போவுதுங்களே, மாப்பிள்ளை.”

கையில் டிரில்லிங் மிசினோடு ருக்குமணி வாசலில் நின்றுவிட்டாள். சென்னியப்பனுக்கும் அப்போதுதான் காதில் விழுந்தது, நாம் என்ன சொல்லிவிட்டோம் என்று.